நடுமூக்கில் ஒரு துளை

சென்னையில் பச்சை குத்தும் கடைகள் பெருகிய அளவுக்கு ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் பெருகவில்லை. இதைச் சொன்னவர் அந்தத் தொழிலிலேயே இருக்கும் ஒரு பெண். முப்பதைத் தாண்டியவர், உசிலம்பட்டிப் பக்கம் ஊர். மாடியில் இருக்கும் கடையின் கூடத்தில் மற்றவர்கள் பச்சை குத்துகிறார்கள். பின்னறையில், உடம்பில் துளை போடும் வேலை முழுக்க இவருடையது. செப்டம் என்று இளைஞர்கள் சொல்லும் நடுமூக்குத் துளைக்குத்தான் இப்போது கூட்டம். ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமா பாருங்கக்கா. போட்டோ மட்டும் வேணாம், வர்றதுல பாதிப்பேர் வீட்டுக்குச் சொல்லாம வர்றவங்க" என்றார்.

முதலில் வந்தவள் கல்லூரி மாணவி. ஆதாரை வாங்கி வயதைப் பார்த்துக்கொண்டார். பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் இல்லாமல் தொடமாட்டாராம். பிறகு கை கழுவி, கையுறை மாட்டி, அந்தப் பெண்ணின் மூக்குக்குள் இரண்டு விரலை வைத்து நெடுநேரம் தடவினார். குத்துவதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்குத்தான் அதிகம் ஆனது.

நடுமூக்கு என்றதும் இரண்டு துவாரங்களுக்கு நடுவே இருக்கும் குருத்தெலும்புச் சுவர்தான் நினைவுக்கு வரும். துளை போடுவது அதில் அல்ல. அந்தச் சுவர் முன்பக்கம் முடியும் இடத்துக்கும், வெளியே தெரியும் சதைத் தூணுக்கும் நடுவில் மெல்லிய சவ்வு போன்ற ஓர் இடம் இருக்கிறது. ஊசி போக வேண்டியது அங்கே. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்கு உணவு. அதில் துளைத்துச் சீழ் பிடித்தால் ஆறுவது கடினம். முற்றிப்போனால் குருத்தெலும்பு கரைந்து மூக்கின் மேற்பகுதியே பள்ளமாக அமுங்கிவிடும். போதாததற்கு, பலருடைய மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி சாதாரணமாகவே குடியிருக்கிறது.

இரண்டு பக்கமும் மையால் புள்ளி வைத்தார். அந்தப் பெண்ணின் நடுச்சுவர் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதனால் புள்ளியை அழித்து அழித்து மறுபடி வைத்தார். உறையைப் பிரித்து ஊசியை எடுத்தார். உள்ளே குழாயாக இருக்கும் ஊசி. ஒருவருக்கு ஒன்று, பிறகு மருத்துவக் கழிவுப் பெட்டிக்கு. "மூச்சை இழுத்து விடு பாப்பா" என்றார். அவள் விட்டு முடிப்பதற்குள் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. கண்ணில் பொலபொலவென்று நீர். "அழலக்கா, தானா வருது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். உண்மைதான், மூக்கைச் சீண்டினால் கண் தன்னால் கலங்கும். குதிரை லாட வடிவில், 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டேனியம் வளையம் உள்ளே போனது. முறிந்த எலும்புக்குத் தகடு வைக்கப் பயன்படுத்தும் அதே ரக உலோகம். வீட்டில் இருக்கும்போது வளையத்தை மேலே மடித்து மூக்குக்குள் மறைத்துக்கொள்ளலாம். மூக்குத்தியில் இல்லாத இந்த வசதிதான் பாதி வாடிக்கையாளர்களைக் கொண்டுவருகிறது என்பது என் கணிப்பு.

அடுத்து வந்த இளைஞனைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றிவிட்டார். அவனுக்கு அந்த மெல்லிய இடம் துளைக்கிற அளவுக்கு இல்லை. "கொஞ்சம் கீழ இறக்கிப் போடலாம்ல?" என்று அவன் விடாமல் கேட்டான். "சதையில போட்டா மாசக்கணக்கா வலிக்கும் தம்பி, ஆறவும் ஆறாது. காசும் போய் மூக்கும் போகணுமா?" என்று அனுப்பிவிட்டார். கட்டணத்தை விட்டுக்கொடுத்த இந்த இடத்தில்தான் அவருடைய தொழில் என்ன என்பது எனக்குப் பிடிபட்டது.

துளை போடுவது ஒரு நொடி வேலை. அதைப் பெரிதாக்குவது வருடக்கணக்கு வேலை. நியூகினியில் அஸ்மத் ஆண்கள் நடுமூக்கில் செருகும் பன்றி எலும்பின் படத்தைக் கைபேசியில் காட்டி, "இந்த சைஸ் வேணும், எப்ப ஆகும்?" என்று கேட்பவர்கள் உண்டாம். அளவு எண்கள் வேறு குழப்பும். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 14 என்றால் 1.6 மில்லிமீட்டர், 12 என்றால் 2, 8 என்றால் 3.2, 4 என்றால் 5. கம்பியை அச்சில் எத்தனை முறை இழுத்தார்கள் என்பதிலிருந்து பிறந்த கணக்கு இது. ஆகவே அதிகம் இழுத்த கம்பி மெல்லியது. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி ஒன்றுபோல் இல்லை. 14-லிருந்து 12-க்குப் போனால் கூடுவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 6-லிருந்து 4-க்குப் போனால் முழு மில்லிமீட்டர். படி ஒன்றுதான் என்று நம்பி அவசரப்படுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அன்று அப்படி ஒருவர் வந்திருந்தார். ஐ.டி. நிறுவனத்தில் வேலை, மூக்கில் 4 மில்லிமீட்டர் வளையம். 5-க்கு மாற வேண்டுமாம். இவர் வளையத்தை மெல்லச் சுழற்றினார், ஓரத்தில் சிவப்பு. "போன தடவை எப்ப மாத்துனீங்க?" அவர் சொன்ன தேதி ஒரு மாதத்துக்கு முந்தையது. படிக்குப் படி குறைந்தது இரண்டு மூன்று மாதம் விடச் சொல்கிறார் இவர். அதற்குள் துளையின் உட்சுவர் தளர்ந்து, புதுத்தோல் உறுதிப்பட வேண்டும். வலியோ ரத்தமோ வந்தால் அது கிழிசல். கிழிந்த இடம் தழும்பாகி இறுகும். இறுகியது அப்புறம் விரியாது. ஒரு பக்கம் கூராக இருக்கும் கம்பியைச் செருகித் தள்ளும் முறை அவருக்குப் பிடிக்காது. போட்டிருக்கும் வளையத்தில் டெஃப்லான் டேப்பைச் சில நாளைக்கு ஒரு சுற்றாகச் சுற்றிக்கொண்டே வந்தால், அடுத்த அளவு தானாக உள்ளே போகும் என்கிறார். ஆமாம், குழாய் மரையில் பிளம்பர் சுற்றும் அதே ரக டேப்தான். இவர் வாங்குவது புதுச்சுருள், தூசிபடாமல் டப்பாவில் மூடி வைத்திருக்கிறார். அன்று அதையும் சுற்றவில்லை. உப்புநீரால் கழுவச் சொல்லி, தீபாவளி கழித்து வரச் சொன்னார்.

சுவரில் அமெரிக்காவின் தொழில்முறைத் துளையிடுவோர் சங்கம் வெளியிட்ட பராமரிப்புக் குறிப்பு ஒட்டியிருந்தது. 1994-இல் தொடங்கிய சங்கம் அது. அதற்கு முன்பே 1975-இல் ஜிம் வார்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'காண்ட்லெட்' நிறுவனம்தான் இந்த நவீன முறைகளுக்குப் பிறப்பிடம். இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்றேன். ஊசி பிடிக்கப் பெங்களூரில் ஒருவரிடம் கற்றாராம். "பொறுமைய எங்க அப்பத்தாகிட்ட" என்றார்.

அப்பத்தா தண்டட்டி போட்டவர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களில் குழந்தையாக இருக்கும்போதே காது குத்தி, முதலில் பஞ்சு, பிறகு ஓலைச்சுருள், அப்புறம் ஈயக் குணுக்கு என்று எடையைக் கூட்டிக்கூட்டிக் காது வளர்த்தார்கள். தோளைத் தொட்ட காதுகளில் பாம்படமும் தண்டட்டியும் ஏறின. ஊர் ஊராகப் போய்க் காது குத்திவிட்டவர்களில் குறவர் பெண்கள் உண்டு. அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அமெரிக்கக் கடைக்காரரின் பெயர் மட்டும் எனக்கு வருடத்தோடு தெரிகிறது. எனக்கே இது உறுத்துகிறது. பின்னாளில் அந்தக் காதை நாகரிகக் குறைவு என்று நினைத்து, மருத்துவமனைக்குப் போய் அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் நிறைய. இவருடைய அப்பத்தா தைக்க மறுத்துவிட்டாராம்.

மதுரை போயிருந்தபோது தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு சந்தில் வயதான பத்தர் ஒருவரிடம் புல்லாக்கு பற்றிக் கேட்டேன். நடுமூக்கில் தொங்கும் அந்த நகையை நிஜத் துளைக்காகச் செய்து பல காலம் ஆகிவிட்டதாம். "இப்ப பரதநாட்டியப் பிள்ளைகதான் வாங்குதுக. அதுக்கும் துளை வேணாம், கவ்விக்கிற மாதிரி செஞ்சு குடுத்துருவோம்" என்றார். பாம்படம் தகட்டால் செய்து உள்ளே அரக்கு நிரப்புவது, பார்வைக்கு இருக்கும் கனம் தங்கத்தில் இருக்காது என்றும் சொன்னார். நகைக்கடைகளில் துப்பாக்கி வைத்துக் காது குத்துவதைப் பற்றிக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். சென்னைப் பெண்ணுக்கும் அதே கருத்து. அந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் உடல் பிளாஸ்டிக். நீராவிக் கலத்தில் 121 டிகிரி சூட்டில் வைத்தால் உருகிவிடும். அதனால் வெறும் துடைப்புத்தான். முனை மழுங்கிய தோட்டைச் சதைக்குள் அறைந்து இறக்குகிறது அது. காது மடலே பாவம் என்கிறபோது மூக்குக்கு அதைக் கொண்டுபோவது அக்கிரமம்.

துளை போட்டால் உடனே பணம். பெரிதாக்க வருபவர்களிடம் பார்த்துச் சொல்வதற்கு இவர் கட்டணம் வாங்குவதில்லை. வளையம் விற்றால்தான் காசு. அதையும் இப்போது இணையத்தில் மலிவாக, என்ன உலோகம் என்றே தெரியாமல் வாங்கி வந்து, "மாட்டி மட்டும் விடுங்க" என்கிறார்கள். மாட்டமாட்டேன் என்றால் கோபம்.

நடுமூக்கில் துளை போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்பது உங்கள் பாடு, உங்கள் வீட்டார் பாடு. போவதாக முடிவு செய்துவிட்டால் ஊசியின் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், வளையம் என்ன உலோகம் என்று கேளுங்கள். மூக்கைத் தொட்டுப் பார்க்காமலே விலை சொல்லும் கடையாக இருந்தால், உட்காராமல் திரும்பி வந்துவிடுங்கள்.