மதுரையில் பிறந்த தருக்க அறிஞர்

பள்ளிப் படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்னும் கட்டத்தை நிரப்பும்போது நம் இல்லங்களில் ஒரு சிறு வழக்கு எழுவதுண்டு. தில்லியிலேயே பிறந்து, தாத்தாவின் ஊரைக் கோடை விடுமுறையில் மட்டும் கண்ட பிள்ளை எதனை எழுதுவது? அவ்வேளைகளில் நம் நினைவுக்கு வருபவர் அகஸ்டஸ் டி மார்கன் என்னும் கணித மேதை.

அவர் பிறந்தது மதுரையில், 1806 ஜூன் 27 அன்று. தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. குழந்தைக்குப் பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண்ணின் பார்வை போயிற்று. ஏழாம் மாதத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மதுரை அவருக்குக் கற்பித்தது ஒன்றுமில்லை; ஆதலின் அவரைத் தமிழர் பெருமைக் கணக்கில் எழுதிக்கொள்ள நாம் முனையவில்லை.

கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கியும், முதுகலைப் பட்டத்துக்கு வேண்டிய சமய உறுதிமொழியில் அவர் கையொப்பமிட மறுத்தார். அதனால் அங்கே பதவி பெறும் வழி அடைபட்டது. சமயச் சோதனை வையாத லண்டன் கல்லூரி ஒன்று, 1828-இல், 21 வயதே நிரம்பிய அவரைப் பேராசிரியராக்கியது.

அரிஸ்டாட்டில் காலந்தொட்டுப் பெரிதும் சொற்களாலேயே நடந்துவந்த தருக்கத்தைக் கணிதக் குறியீடுகளால் நடத்தலாம் என்று காட்டியவர்களுள் அவர் ஒருவர். 1847-இல் அவருடைய தருக்க நூல் வெளிவந்தது; அதே ஆண்டில் ஜார்ஜ் பூலின் நூலும் வந்தது. டி மார்கன் பெயரால் வழங்கும் விதிகளை அடுக்களை உவமையாலேயே விளக்கலாம். ‘சோறும் குழம்பும் உண்டு’ என்பது பொய்யானால், இரண்டில் ஒன்றேனும் இல்லை என்பதே பொருள். இரண்டுமே இல்லை என்பதன்று. ‘சோறோ குழம்போ உண்டு’ என்பது பொய்யானால்தான் இரண்டும் இல்லை. கோப்புகளில் விதிகளைப் படித்துக் குறிப்பெழுதும் நம் போன்றோர் இவ்வேறுபாட்டை மறந்தால், தகுதியுள்ளவரின் விண்ணப்பமும் தள்ளுபடியாகிவிடும். இன்றைய கணிப்பொறிச் சுற்றுகளும் இவ்விதிகளைப் பயன்படுத்துகின்றன.

தில்லிவாசிகளாகிய நாம் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தில்லிக் கல்லூரி ஆசிரியர் ராமச்சந்திரர், நுண்கணிதத்தின் துணையின்றி மீப்பெரு, மீச்சிறு மதிப்புகளைக் காணும் நூலொன்றை 1850-இல் கல்கத்தாவில் வெளியிட்டார். அதன் அருமையை உணர்ந்த டி மார்கன், தம் முன்னுரையுடன் 1859-இல் அது லண்டனில் மறுபதிப்பாக வரச் செய்தார். முகமறியாத ஓர் ஆசிரியருக்கு அவர் செய்த உதவி அது.

1866-இல், தகுதியுள்ள ஒருவருக்கு அவருடைய சமயக் கருத்தின் காரணமாகக் கல்லூரி பதவி தர மறுத்தது. எந்தக் கொள்கைக்காகத் தாம் அங்கே வந்தாரோ அதுவே கைவிடப்பட்டதெனக் கருதிய டி மார்கன், அறுபதாம் வயதில் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு, கணிதத்தில் தேர்ந்த மகன் ஜார்ஜையும் இழந்தார். 1871-இல் மறைந்தார்.

பிறந்த ஊர் அவர் கையில் இருக்கவில்லை; நின்ற நிலை அவர் கையில் இருந்தது. படிவத்தில் நம் பிள்ளை தில்லி என்றெழுதினாலும் நாம் வருந்த வேண்டுவதில்லை. தருக்கத்தில் ‘அல்லது’ என்னும் சொல், இரண்டும் உண்மையாயிருப்பதைத் தடுப்பதில்லை.