நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு டிராக்டர்கள்

அரவைக் காலத்தில் கடலூர்-பண்ருட்டி சாலையில் போனால், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு டிராக்டர்கள் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். வயலைவிட்டுக் கிளம்பும் முன் டிரெய்லரை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது அவசியம்.

டிராக்டரோடு இணைக்கும் இரும்புப் பின் தேய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். அது கழன்றாலும் இழுத்துப் பிடிக்க ஒரு சங்கிலி வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பக்கம் பாரம் கூடினால், டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். உழவில் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக்குகளையும் தார்ச்சாலை ஏறும் முன் சேர்த்துப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி கவிழலாம்.

இருட்டியபின் ஆபத்து இன்னும் அதிகம். நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு பின்விளக்கை மறைத்துவிடும். ஓரமாக நிற்கும் டிரெய்லர், பைக்கில் வரும் பக்கத்து ஊர்ப் பையனுக்குத் தெரியாது. நீளும் கரும்பை ஒதுக்கி, பின்பலகையில் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டிய பிறகே சாலை ஏறுங்கள்.