முள் எப்படி விழுந்தது?

ஓடிக்கொண்டிருந்த கார் சாலையில் பொசுக்கென்று அணைகிறது. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. இந்தப் புகாரோடு பட்டறைக்கு வரும் வண்டிகளை ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று நின்று கவனித்தால், தேர்ந்தவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பது தெரியும்: “ஆஃப் ஆனப்ப ஆர்பிஎம் முள் எப்படி சார் விழுந்துச்சு?” வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்வரை சக்கரங்களே என்ஜினைச் சுற்றவைக்கும். பெட்ரோல் வராமல் நின்றிருந்தால், முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து இறங்கும். என்ஜின் சுற்றும்போதே முள் பூஜ்ஜியத்தில் போய் விழுந்தால், என்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சாரின் தகவல், என்ஜினை ஆளும் கணினியான ஈசிஎம்முக்குப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். மீட்டரைக் கையில் எடுக்காமலே தேடவேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. இந்தத் தொழிலின் மையம் உதிரிபாகத்தை மாற்றுவதில் இல்லை, ஒளிந்திருக்கும் பழுதைக் கண்ணெதிரே வரவழைப்பதில் இருக்கிறது என்பது என் கட்சி. நாம் கூலி கொடுப்பதோ மாற்றுவதற்கு மட்டும்தான்.

ஸ்கேனர் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 1996 முதலும் இந்தியாவில் 2013 முதலும் கட்டாயமான ஓபிடி-2 முறை, பழுதுக்கு ஒரு கோடு எண் தருகிறது, உண்மைதான். ஆனால் பி0335 என்று திரையில் வந்தால் அதற்குப் பொருள் ‘கிராங்க் சென்சார் கெட்டுவிட்டது’ என்பதல்ல, ‘அந்தச் சென்சாரின் சுற்றில் கோளாறு’ என்பதே. சென்சார், ஒயரை அதில் மாட்டும் கப்ளர், ஒயர், எர்த், ஈசிஎம்மின் பின் எல்லாம் சேர்ந்ததுதான் சுற்று. பல கார்களில் மூன்று நான்கு சென்சார்கள் ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் ஏறும். அப்போது கோடு வந்ததையெல்லாம் மாற்றுவது பணத்தை எரிப்பதுதான். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறது என்று பார்ப்பதே வழி. இதைவிடப் பெரிய இழப்பு, வண்டி வந்ததும் கோடுகளை அழித்துவிடும் வழக்கம். பழுது வந்த கணத்தில் என்ஜினின் சூடு, வேகம், சுமை என்ன என்று ஈசிஎம் பிடித்துவைத்திருக்கும் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ பதிவும் கூடவே போய்விடுகிறது. ரேகை எடுக்கும் முன் அறையைக் கழுவிவிட்ட மாதிரி.

ஸ்கேனரின் கண்ணும் மெதுவானது. 60 பற்களுக்கான வட்டத்தில் இரண்டை விட்டு 58 பற்கள் வைத்த சக்கரம் பல என்ஜின்களில் உண்டு. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது கிராங்க் சென்சார் நொடிக்கு 2900 பற்களைப் பார்க்கிறது. ஸ்கேனர் திரையோ நொடிக்குச் சில தடவைதான் புதுப்பிக்கும். இடையில் நாலைந்து பல் காணாமல் போனால் அதற்குத் தெரியாது, ஆஸிலாஸ்கோப்புக்குத் தெரியும். ஆனால் ஸ்கோப்பை மாட்டினாலும் பழுது அந்த நேரத்தில் வரவேண்டுமே! காயில் வகைச் சென்சாருக்குள் முடியிழை போன்ற செம்புக் கம்பி இருக்கிறது. சூட்டில் விரிந்து விட்டுப்போகும், ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். டோ வண்டி பட்டறைக்கு இழுத்துவருவதற்குள் ஆறிவிடுவதால், மீட்டர் வைத்தால் சரியான ஓம்ஸ்தான் காட்டும். ஆகவே கைதேர்ந்தவர் மீட்டரை மாட்டியபடியே ஹீட் கன்னால் சென்சாரைச் சுடவைக்கிறார், அல்லது நின்றுபோன சூடான சென்சார் மீது தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார். ஒயரிங்கை அங்குலம் அங்குலமாக அசைத்துவிட்டு, உதவிக்கு நிற்கும் பையனை முள்ளைப் பார்க்கச் சொல்கிறார். கப்ளரைப் பிரித்து, பின்னில் களிம்பு ஏறியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, ஒயர் சைலன்சர் பக்கம் உரசி உருகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். ஒயரின் தோலை ஊசியால் குத்தி வோல்ட் பார்ப்பவர்களும் உண்டு. அந்தத் துளை வழியே மழைநீர் இறங்கி, பிறகு வரும் பழுது அவர்களுடையதாகிவிடும்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. சென்சார் மலிவு, மணிக்கணக்காகத் தேடும் நேரம் விலை கூடியது. மாற்றிப் பார்த்துவிட்டால் என்ன? சில மாடல்களில் குறிப்பிட்ட ஒரு சென்சார் அடிக்கடி போவது தெரிந்த சங்கதியாக இருந்தால் இது புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சென்சாரை மாற்ற வேண்டுமானால் கப்ளரைக் கழற்றி மாட்டவேண்டும். கழற்றி மாட்டும்போதே பின்களின் அழுக்கு உராய்ந்து போய், லூஸ் காண்டாக்ட் சில நாள் சரியாகிவிடும். வண்டி ஓடுகிறது, பழைய சென்சார் குப்பைக்குப் போகிறது, எல்லோருக்கும் திருப்தி. இரண்டு வாரத்தில் அதே பழுது திரும்புகிறது. அதாவது மாற்றிப் பார்ப்பது சோதனையாகக்கூடத் தேறாது, ஏனென்றால் அதுவே சாட்சியத்தைக் கலைத்துவிடுகிறது. பழைய சென்சாரையே கழற்றி மறுபடி மாட்டி நாலு நாள் ஓட்டிப் பார்த்தவருக்கு மட்டும்தான் மாற்றியதால் சரியானதா, அசைத்ததால் சரியானதா என்று சொல்லும் தகுதி உண்டு. அப்படிச் செய்கிறவர் அபூர்வம்.

இதை மெக்கானிக்கின் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்சாருக்குப் பில் உண்டு, பெட்டி உண்டு, கையில் வாங்கிப் பார்க்கலாம். மூன்று மணி நேரம் தேடி ஒரு அடி ஒயரை மாற்றியவர் தேடியதற்குக் கூலி கேட்டால், “ஒயருக்கா இவ்வளவு?” என்கிறோம். அப்புறம் அவர் எதற்குத் தேடுவார்? உடைந்த கப்ளருக்கு முழு ஒயரிங் செட்டையே வாங்கச் சொல்லும்போது, சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் வால் ஒயரோடு வெட்டிவைத்த கப்ளரைத் தேடி வாங்கிவந்து சால்டர் வைத்து ஒட்டுகிறவரின் அலைச்சலும் எந்தப் பில்லிலும் ஏறாது. தேடலுக்குத் தனிக் கூலி என்றால் சும்மா உட்கார்ந்துவிட்டு மணிக்கணக்குக் காட்டுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதற்குப் பில்லைவிட நல்ல அத்தாட்சி ஒன்று இருக்கிறது. சரிசெய்யும் முன் பழுதை ஒருமுறை வரவழைத்துக் காட்டச் சொல்லலாம்: இந்த ஒயரை இப்படி வளைத்தால் வண்டி அணைகிறது, விட்டால் கிளம்புகிறது. சரிசெய்த பிறகு அதே ஒயரை அதே மாதிரி வளைத்துக் காட்டட்டும். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால், அந்த ஒரு அடி ஒயருக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரக் கூலியை எழுதலாம்.