திங்கட்கிழமை மூச்சு

எம் இளமைக் காலம் திருவில்லிபுத்தூரில் கழிந்தது. எம் அத்தா நாள்தோறும் பேருந்தேறி இராசபாளையத்து நூற்பாலை ஒன்றிற்குச் செல்வார். கார்டிங் பிரிவில் பணி. புருவத்தில் பஞ்சு படிந்திருக்க, இரவில் வீடு திரும்புவார்.

வார விடுமுறை கழிந்து பணிக்குச் செல்லும் முதல் நாளன்று மட்டும், "மார்பு இறுக்குது" என்பார். மறுநாள் அது தணியும். "ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு செய்த வேலை" என அம்மா நகைப்பார். யாமும் சேர்ந்து நகைத்தோம். நோய்க்குக் கிழமை தெரியுமா?

தெரியும் என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே படித்தறிந்தோம். தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் இராமசினி, "உன் தொழில் யாது?" என நோயாளியிடம் வினவுமாறு மருத்துவர்களை வேண்டினார். அவ்வழியில் வந்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்டு சில்லிங். தொழிற்சாலை மருத்துவராக இருந்த அவர், 1947-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தை அடைந்து, லங்காஷயர் பருத்தியாலைத் தொழிலாளரை ஆராய்ந்தார். தொழிலை மட்டுமன்றிக் கிழமையையும் வினவினார். திங்களன்று மட்டும் இறுக்கமா, பிற நாள்களிலும் உண்டா என்பதைக் கொண்டே 1955-இல் 'பைசினோசிஸ்' நோயின் படிநிலைகளை அவர்தம் குழுவினர் வகுத்தனர்.

பருத்தித் தூசியோடு வரும் நுண்ணுயிரிகளின் நச்சு மூச்சுக்குழல்களைச் சுருக்குகிறது என்பது பின்வந்த ஆய்வுகளின் விளக்கம். தொடக்கத்தில் தணியும் இறுக்கம், ஆண்டுகள் செல்லச் செல்ல நிலைத்துவிடும். அமெரிக்கா 1978-இல் ஆலைத் தூசிக்கு வரம்பு விதித்தது. நம் நாட்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இந்நோய் இடம்பெற்றுள்ளது.

எம் அத்தாவிற்கு நேர்ந்தது இதுவே என உறுதி கூற யாம் மருத்துவர் அல்லோம். எவரும் சோதித்ததில்லை. ஆஸ்துமா என்றே மருந்து தந்தனர். தொழிலைக் கேட்டாரில்லை, கிழமையைக் கேட்டாருமில்லை. ஓய்வு பெற்றபின் மாடிப்படி ஏறவும் இயலாது, இடையில் அமர்ந்து மூச்சு வாங்கினார். அப்போது நகைக்க எமக்கு வாய் வரவில்லை.

எம் வகுப்பில் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் உளர். அவர்களுக்கு யாம் கூறுவது ஒன்றே: வீட்டுப் பெரியவர் மார்பு இறுக்குகிறது என்றால் நகைக்காதீர், எந்தக் கிழமையில் என்று கேளுங்கள். மருத்துவரிடம் அக்கிழமையைச் சொல்லுங்கள். எம் அத்தாவிடம் யாம் கேட்கத் தவறிய வினா அது.