தூத்துக்குடி வீட்டுத் தோட்டங்களுக்கு ஐப்பசிதான் புத்தாண்டு

தூத்துக்குடி என்றதும் துறைமுகம், உப்பு, முத்து, மக்ரூன் எல்லாம் நினைவுக்கு வரும். தோட்டம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் மில்லர்புரம், பிரையண்ட் நகர், டூவிபுரம் பக்கம் ஒரு காலைநேரம் நடந்து பாருங்கள். காம்பவுண்ட் சுவருக்கு மேலே காகிதப்பூ தொங்கும். வாசலில் முருங்கை, பின்கட்டில் கறிவேப்பிலை, கிணற்றடியில் வாழை. மாடி வீடு என்றால் பெயின்ட் டப்பாவில் நித்தியகல்யாணி. கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊரில் இவ்வளவு பச்சை எப்படி வந்தது என்று கேட்டால், பதில் தண்ணீரில் ஆரம்பிக்கும்.

இரண்டு தண்ணீர்

இந்த ஊர் வீடுகளில் தண்ணீரை ஒரே பெயரில் சொல்ல மாட்டார்கள். 'நல்ல தண்ணி' வேறு, 'உப்புத் தண்ணி' வேறு. நல்ல தண்ணி என்பது குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். கடலோரத் தெருக்களில் போர் போட்டால் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். நூறு வருடங்களுக்கு முன்பு நல்ல தண்ணீருக்கு இந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, 1920-களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்தார். இன்றும் மக்கள் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். ஊரின் நடுவே சிலையும் இருக்கிறது.

மழையும் இங்கே குறைவு. தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை 900 மில்லிமீட்டருக்கு மேல். தூத்துக்குடி மாவட்டத்தில் சுமார் 650 மில்லிமீட்டர்தான். ஜூன், ஜூலையில் கேரளாவை நனைக்கும் தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. மலையைத் தாண்டி இங்கே வருவது ஈரம் போன வறண்ட காற்றுதான். ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். மீதி ஒன்பது மாதங்களை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அதனால்தான் இங்குள்ள பெண்கள் அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மாட்டார்கள். அது கறிவேப்பிலைக்கு. காய்கறி கழுவிய தண்ணீர் மல்லிகைக்கு. செடி வாங்கும்போது கேட்கிற முதல் கேள்வியும் தண்ணீரைப் பற்றித்தான். ஒரு நர்சரியில் நான் கேட்ட உரையாடல் இது.

"அண்ணாச்சி, இந்த ரோஜா நம்ம வீட்டுத் தண்ணிக்கு வருமா?"

"நல்ல தண்ணி ஊத்துனா இருக்கும்மா. போர் தண்ணின்னா மூணு மாசத்துல போயிரும். நித்தியகல்யாணி கொண்டு போங்க. மறந்துட்டாலும் கெடக்கும்."

அண்ணாச்சி சொன்னதில் விஷயம் இருக்கிறது. மண்ணில் உப்பு ஏறிவிட்டால், ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. முதலில் இலையின் ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகும். ரோஜாவும் எலுமிச்சையும் இதைத் தாங்காது. தென்னை, வேம்பு, அரளி, காகிதப்பூ, சப்போட்டா ஓரளவு தாங்கும். பூவரசோ கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த மரம். காலையில் மஞ்சளாக மலரும் அதன் பூ, வாடும்போது சிவந்துவிடும். இலையைச் சுருட்டி பீப்பி ஊதாத பிள்ளைகள் இந்தக் கரையில் குறைவு.

ஆடிப்பட்டம் இங்கே செல்லாது

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். தூத்துக்குடிக்கு மாற்றலாகி வருபவர்கள் ஆடியில் விதை போட்டுவிட்டு, ஒன்றும் தேறவில்லையே என்று வருத்தப்படுவார்கள். மண்ணிலோ கையிலோ குறை இல்லை. ஆடி இங்கே காய்ச்சலான மாதம். மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும். அந்தப் பழமொழி ஆற்றுப் பாசனமும் ஆடி மழையும் உள்ள ஊர்களுக்குச் சரி. இதே மாவட்டத்தின் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் விவசாயிகளைக் கேளுங்கள். மானாவாரிக்குப் புரட்டாசிப் பட்டம்தான் என்பார்கள். வானம் பார்த்த பூமிக்கு எப்போது விதைப்பது என்று அந்த வானம்தானே சொல்ல வேண்டும்!

வீட்டுத் தோட்டத்துக்கும் அதே கணக்கு. புரட்டாசிக் கடைசியில் மண்ணைக் கொத்தி, காய்ந்த சாணமும் இலைமக்கும் கலந்து வைத்துவிட வேண்டும். முதல் நல்ல மழை விழுந்ததும் கீரை, வெண்டை, கொத்தவரை போடலாம். பந்தல் இருந்தால் பீர்க்கும் புடலையும் ஏறும். முதல் மழை இன்னொரு வேலையும் செய்கிறது. ஒன்பது மாதமாக மேல்மண்ணில் சேர்ந்த உப்பைக் கரைத்து, வேருக்குக் கீழே இறக்கிவிடுகிறது. அதற்கு மண் திறந்திருக்க வேண்டும். முற்றம் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டால் மழை தெருவுக்கு ஓடிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

விருந்தாளிகள் வரும் காலம்

மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே தட்டான்கள் சொல்லிவிடும். அக்டோபரில் மொட்டைமாடி உயரத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் நிறத் தட்டான்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஓர் இனம் இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் 2009-ல் எழுதினார். போய்த் திரும்பும் பயணத்தை ஒரே தட்டான் முடிப்பதில்லை. பல தலைமுறைகள் சேர்ந்து முடிக்கின்றன. அவை முட்டையிடுவது மழைத் தண்ணீர் தேங்கும் குட்டைகளில். நம் தெருமுனைக் குட்டையும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் மழைக்கு அடுத்த நாள் ஈசல், செம்மண் பக்கம் சிவப்பு வெல்வெட் பூச்சி, ராத்திரி முழுக்கத் தவளைக் கச்சேரி. கறிவேப்பிலை துளிர்த்ததும் அதில் பச்சைப் புழுக்கள் தெரியும். பதறி மருந்தடிக்க வேண்டாம். கறிவேப்பிலை அழகி என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் குழந்தைகள் அவை. ரசத்துக்கு நாலு இலை குறையும், அவ்வளவுதான்.

இதே நாள்களில் ஆறுமணிக்குருவி வந்து சேரும். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. விடியும்போதும் பொழுது சாயும்போதும் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றுக்கடியில் சிவப்பு. சருகைக் கிளறிப் புழு தின்னும். தோட்டத்தைத் துடைப்பம் போட்டுப் பளிச்சென்று வைத்திருக்கும் வீட்டுக்கு இது வராது. வேம்படியிலோ வாழையடியிலோ ஒரு மூலைச் சருகை அப்படியே விட்டுவைத்தால் வர வாய்ப்பு உண்டு. சருகு மண்ணின் ஈரத்தையும் காக்கும்.

ஊருக்கு வெளியே உடைமரங்களில் சூறைக்குருவிகள் சாயங்காலம் மேகம் போலச் சுழன்று இறங்கும். உப்பளங்களில் பூநாரைகள் நிற்கும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கார்த்திகையிலிருந்து தை வரை வாருங்கள். கார்த்திகை தீபத்தன்று வந்தால் பச்சைப் பனை ஓலைக்குள் வைத்து அவித்த ஓலைக் கொழுக்கட்டை கிடைக்கும். பொங்கலுக்கு வந்தால் பனங்கிழங்கு. ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைப் பின்கட்டு மணலில் புதைத்துவிட்டால், மழையே பார்த்துக்கொள்ளும். தை பிறக்கும்போது தோண்டி எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துத் தின்னலாம். இவ்வளவு சோம்பேறித்தனமாக விளைவிக்கக்கூடிய பயிர் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஒரே சொல், இரண்டு பாத்தி

தோட்டத்தில் கீரை போடும் இடமும் பாத்திதான். உப்பளத்தில் கடல்நீரைக் காயவைக்கும் இடமும் பாத்திதான். ஆனால் இரண்டுக்கும் வானம் ஒத்துப்போகாது. மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது உப்பு பூக்கத் தொடங்கும். சித்திரையில் எதிர்பாராமல் ஒரு கோடைமழை பெய்தால் மல்லிகை குலுங்கும், அதே மழையில் உப்புப் பாத்தி கரைந்துபோகும். ஒருநாள் மழை விட்டதும் வாசலில் நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டம்மாவிடம், உப்பளத்துக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "உங்க செடிக்கு நல்லதுதாம்மா. எங்களுக்கு இன்னைக்கு வேலை போச்சுல்லா." பேசிக்கொண்டே அவரும் தன் வீட்டு ஓட்டுச் சரிவில் ஒழுகும் தண்ணீருக்குக் குடம் வைத்தார். ஐப்பசி முதல் மூன்று மாதம் உப்பளத்தில் வேலை கிடையாது. அதற்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இந்த ஊரில் மழையை முழுசாகத் திட்டவும் முடியாது, முழுசாக வாழ்த்தவும் முடியாது.

முத்துக்குளிப்புக்கும் இப்படி ஒரு பருவம் இருந்தது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில் கடல் அமைதியாகக் கிடக்கும் பங்குனி, சித்திரையை ஒட்டித்தான் அன்று சலாபம் நடந்தது. கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். அந்தத் தொழில் போய்விட்டது, அமைதியான அந்த நாள்கள் மட்டும் வருடம் தவறாமல் வருகின்றன. வேம்பு பூக்கும், முருங்கை காய்க்கும், பனையில் பதநீர் இறங்கும், நுங்கு வண்டிகள் தெருவுக்கு வரும். செம்பருத்திக் கொப்பிலோ கொடிக்கம்பியிலோ தேன்சிட்டு, சிலந்தி நூலால் பின்னிய கூட்டைத் தொங்கவிடும். கூடு இருக்கும் கொப்பைக் குஞ்சு பறக்கும்வரை வெட்டாதீர்கள்.

ஆனி பிறந்தால் காற்று. பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 திருவிழா முடியும்வரை, ஊரே கூடினாலும் காற்று ஓயாது. இந்தக் காலத்தில் புதிதாக எதையும் நட வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். வேரடியில் தென்னை மட்டையோ சருகோ பரப்புங்கள். தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஏறினால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து அடிக்கலாம். நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். மைனா, தவிட்டுக்குருவி, அணில் எல்லாம் வரும்.

ஒரு நாளில் ஒன்றரை வருட மழை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் ஒன்றரை வருடத்தில் பெய்யும் மழை அது. உயிர்கள் போயின. வீடுகளும், கால்நடைகளும், வயல்களும் போயின. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்த இழப்புகளுக்கு முன்னால் தோட்டம் சின்ன விஷயம்தான். ஆனாலும் தண்ணீர் வடிந்த பின் வீடுகளுக்குத் திரும்பியவர்கள், வேர் அழுகிச் சாய்ந்த முருங்கையையும் பப்பாளியையும் பார்த்துக் கண்கலங்கினார்கள். இந்த இரண்டும் தேங்கும் தண்ணீரைத் தாங்காதவை. பனையும் பூவரசும் நின்றன.

குறைவான மழைக்குப் பழகிய ஊர் இனி அளவு மீறிய மழைக்கும் தயாராக வேண்டியிருக்கிறது. முருங்கையையும் பப்பாளியையும் ஓரடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். பள்ளமான மூலையை வாழைக்கு விடுங்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டுத் தொட்டி இன்னும் வேலை செய்கிறதா, மண் அடைத்துக் கிடக்கிறதா என்று புரட்டாசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். கடலோர ஊரில் கிணற்று நீர் உப்பாவதைத் தடுக்க நம் கையில் இருக்கும் வழி, மழைத் தண்ணீரை அந்த மண்ணுக்குள்ளேயே இறக்குவதுதான்.

முற்றத்துக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் வரும்போது, ஒரு ஓரத்தில் நாலடிக்கு நாலடி மண்ணை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கொஞ்சம் சருகு அதற்குள் அடங்கிவிடும். ஐப்பசி பிறந்ததும் யார் யார் வருகிறார்கள் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.