ஒரு வரி அபிப்பிராயம்

சோழவரம் என்றதும் சென்னைவாசிகளுக்குக் குடிதண்ணீர் நினைவுக்கு வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, யுத்த காலத்து விமான ஓடுபாதையில் நடந்த கார்ப் பந்தயங்கள் நினைவுக்கு வரும். எனக்கு மட்டும் ஒரு மாடு நினைவுக்கு வருகிறது. அந்த மாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் எதிர் வீட்டுத் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவன் அவன். ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு ஷிப்டு. கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டதும், குளித்துச் சாப்பிட்டுத் தூங்க வேண்டிய பிள்ளை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் போடுகிறான். சாகச விளையாட்டு ஒன்றைத் தனி ஆளாகச் செய்துகொண்டிருக்கிறானாம். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கப் போவதுமில்லை. ஆசை, அவ்வளவுதான். எங்கள் காலத்தில் இந்த ஆசை நாடகமாகவும் கவிதையாகவும் வந்து குடும்பங்களைக் கெடுத்தது. இப்போது இப்படி வருகிறது.

சாகச விளையாட்டு என்றால் துப்பாக்கியும் குதிரையும் என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லை. திரையில் ஓர் இடம் தெரியும். அங்கே ஒரு பாத்திரம் நிற்கும். ஆடுகிறவர் அதை நடத்திக்கொண்டு போய், கதவைத் தட்டி, பெட்டியைத் திறந்து, எதிர்ப்பட்டவர்களோடு பேசி, புதிர்களை அவிழ்த்துக் கதையை முடிக்க வேண்டும். 1976-ல் அமெரிக்காவில் வில் கிரௌதர் என்பவர், தாம் இறங்கிப் பார்த்த குகையை வைத்து இந்த மாதிரி விளையாட்டுக்கு வழி போட்டார். அதில் படமே கிடையாது, வெறும் எழுத்துத்தான். 1980-ல் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண்மணி 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற விளையாட்டுக்குத் தம் கையாலேயே கோட்டுப் படங்கள் போட்டார். குழந்தை கிறுக்கியது போன்ற படங்கள்தான்.  1997-ல் கிறிஸ் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், இத்தகைய விளையாட்டுகளைச் சாமானியரும் செய்துகொள்ள ஒரு கருவியை உருவாக்கினார். 'அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோ' என்று அதற்கு இன்று பெயர். இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு உலகத்தில் எத்தனையோ பேர், வேலை முடிந்து வந்த பிறகு, ராக்கண் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் தம்பியும் அவர்களில் ஒருவன்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய முறைப்படி அகலத்தில் 320, உயரத்தில் 200 புள்ளிகளுக்குள் அவன் படம் போடுகிறான். மொத்தம் 64,000 புள்ளிகள். மார்கழிக் கோலத்தைப் போல எண்ணி எண்ணி வைக்க வேண்டும். ஆளின் உயரமே நாற்பது புள்ளிதான். கண் என்பது ஒரே ஒரு புள்ளி.

படத்தில் எங்கள் ஏரிக்கரை. பனைமரங்கள், மதகு, அஸ்தமன சூரியன், கரைமேல் ஒரு சிறுமி. அவள் காணாமற்போன தாத்தாவைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாளாம்.

"எப்படி சார் இருக்கு?" என்றான்.

"பிரமாதம்!" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "எங்க அம்மாவும் இதையேதான் சொன்னாங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாக எழுதுகிறவன் நான். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கு மேல் என்னிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? சமாளிப்பதற்காக, "வேறு யாரிடமாவது காட்டினாயா?" என்று கேட்டேன்.

காட்டியிருந்தான். தூரதேசத்தில், இவனைப் போலவே விளையாட்டுச் செய்கிற ஒருவருக்கு அனுப்பியிருந்தான். முகம் பார்த்த பழக்கம் கிடையாது. அவர் எழுதிய பதிலை எனக்குத் தமிழில் சொன்னான். பாராட்டு ஒரு வரி. பிறகு நாலு விஷயங்கள்.

முதலாவது: சூரியன் சிறுமிக்குப் பின்னால் இருக்கிறது, அவள் முகமோ பளிச்சென்று இருக்கிறது. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? இரண்டாவது: பனைமரங்களைத் தரையில் நின்று பார்த்தும், மதகை மாடியில் நின்று பார்த்தும் வரைந்திருக்கிறாய். ஒரே இடத்தில் நில். மூன்றாவது: சிறுமியின் பாவாடையும் பின்னால் இருக்கும் புதரும் ஒரே பச்சை. அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நாலாவது: தண்ணீருக்குள் நிற்கும் அந்தக் கல் கட்டடம் என்ன? கோயிலா? எனக்கு முதலில் அதைத்தான் தொடத் தோன்றுகிறது. கதவு இருந்தால் காட்டு. இல்லையென்றால் கண்ணை இழுக்காதபடி அடக்கி வை.

எழுதியதோடு விடவில்லை. படத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டு, கண் மட்டம் எங்கே, நிழல் எந்தப் பக்கம் என்றெல்லாம் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். அவருக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை. ஒரு சாயங்காலம் முழுவதும் செலவாகியிருக்க வேண்டும்.

"மதகைப் போய்க் கோயில்னு சொல்றார் சார்" என்று தம்பி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஆனா அவர் சொல்றது சரி. எனக்கு மதகு தெரியும், அதனால படத்துல மதகு இருக்கிறதா நினைச்சுக்கிட்டேன். படத்துல கல்லுதான் இருக்கு" என்றான்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மாடு ஞாபகம் வந்தது.

1967-ல் நாங்கள் ஐந்து பேர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். கையெழுத்துப் பத்திரிகை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. கதை, கவிதை, துணுக்கு எல்லாவற்றையும் அழகான கையெழுத்துள்ளவன் எழுதுவான், படம் தெரிந்தவன் வர்ணம் தீட்டுவான். பிரதி வீடு வீடாகச் சுற்றி வரும். கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விட்டிருப்போம். படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை அதில் எழுத வேண்டும்.

எங்கள் சித்திரக்காரன் எனக்கு நெருங்கிய சிநேகிதன். ஓர் இதழுக்கு அட்டைப்படமாக, ஏரிக்கரையில் மேயும் மாடு ஒன்றை வரைந்திருந்தான். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தது. நான் கடைசிப் பக்கத்தில் முதல் ஆளாக எழுதினேன்: "அட்டையில் இருப்பது மாடா, மேஜையா? மேஜை என்றால் இழுப்பறை எங்கே?"

அந்தப் பிரதி முப்பது வீடு சுற்றியது. போன இடமெல்லாம் என் வரிக்குக் கீழே ஆளாளுக்கு ஒரு வேடிக்கை எழுதினார்கள். இழுப்பறை வாலுக்குக் கீழே இருக்கிறது என்றார் ஒருவர். என் ஹாஸ்யத்தை ஊரே மெச்சியது. பத்திரிகையில் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையும் அன்றுதான் எனக்குப் பிறந்தது என்று நினைக்கிறேன். அடுத்த இதழுக்குச் சிநேகிதன் படம் தரவில்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்றான். அதற்கடுத்த மாதமும் வேலை இருந்தது. பிறகு பத்திரிகையே நின்றுவிட்டது. அவன் படித்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டான். படம் மட்டும் அப்புறம் போடவே இல்லை.

தம்பி வந்து போன மறு வாரம், பொன்னேரியில் இருக்கும் அந்தச் சிநேகிதனைப் பார்க்கப் போனேன். காபி வந்தது. இரண்டு பேரும் ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு மெதுவாக மாட்டை எடுத்தேன். மறந்திருப்பான் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை.

அவன் மறக்கவில்லை. இழுப்பறையை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான். "நீ எழுதினதில் தப்பில்லையடா. அது மேஜை மாதிரிதான் இருந்தது. எனக்கே தெரியும். ஆனால் காலை எப்படிப் போடணும்னு யாராவது ஒருத்தர் சொல்வீர்கள் என்று பார்த்தேன்" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அபிப்பிராயம் கடுமையாக இருக்கலாமா, இதமாக இருக்க வேண்டுமா என்று எங்கள் கூட்டங்களில் ஓயாமல் விவாதிப்பது வழக்கம். அது முக்கியமில்லை என்று இப்போது தோன்றுகிறது. தூரதேசத்துக்காரர் எழுதியதில் இதம் அதிகம் இல்லை. என் இழுப்பறையும் அவருடைய சிவப்புக் கோடும் குறையைத்தான் சுட்டின. ஆனால் அதைப் படித்த அன்றே தம்பி மறுபடியும் வரைய உட்கார்ந்தான். என்னுடையதைப் படித்த சிநேகிதன் பென்சிலைக் கீழே வைத்தான். நான் 'பிரமாதம்' என்றதும் அதே ஜாதிதான். இழுப்பறையில் என் சாமர்த்தியத்தைப் பார்த்தேன், பிரமாதத்தில் என் சௌகரியத்தைப் பார்த்தேன். படத்தை இரண்டு தடவையும் பார்க்கவில்லை.

தம்பி கேட்ட விதத்திலும் விஷயம் இருக்கிறது. 'நன்றாக இருக்கிறதா?' என்று அவன் எழுதவில்லையாம். 'நேரம் அந்தி. பார்க்கிறவர் கண் மதகுக்குப் போக வேண்டும். போகிறதா?' என்று கேட்டிருக்கிறான். கேள்வியில் விலாசம் இருந்ததால் பதில் போய்ச் சேர்ந்தது.

நம் வீட்டுப் பண்டங்களை அந்நியருக்குப் புரிய வைக்க முடியாது என்றும் இல்லை. 2023-ல் கனடாவின் டொரான்டோவிலிருந்து 'வெண்பா' என்ற விளையாட்டு வந்தது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்குவது அதில் ஒரு புதிர். இட்லியையே கண்டிராதவர்களும் அடுக்கினார்கள். மறு வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. இட்லித் தட்டு முடியுமானால் மதகும் முடியும்.

பொன்னேரியிலிருந்து திரும்பிய மறுநாள் தம்பியை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். எங்கள் பக்கத்து நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. கரையில் நின்றால் சூரியன் தண்ணீருக்குள்தான் இறங்கும். எதிரே வந்தவர் யாருடைய முகமும் தெரியவில்லை. உருவம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"அவர் சொன்னது சரிதான் சார்" என்றான் தம்பி.

"மதகின் மேலே ஷட்டரைத் தூக்குகிற திருகுக் கம்பி இருக்குமே, அதை நீ போடவில்லை" என்றேன். "அதைப் போடு. அதைத் திருகிக்கொண்டு ஓர் ஆளையும் நிறுத்து. கீழே வாய்க்காலில் தண்ணீர் பாயட்டும். கோயில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்."

அவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். இருட்டும் வரையில் வரைந்துகொண்டிருந்தான். எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்கவில்லை. "சார், அந்த ஆளு கையை எங்கே வைப்பான்?" என்று கேட்டான். எழுந்து நின்று, திருகுவது போலக் கையை வைத்துக் காட்டினேன்.