நான் எழுதிய கதையை நானே கைவிட்ட கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் காலை நடையில் பழைய சக ஆசிரியர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கிறீங்களே சார். ஏதாவது பூஜையா?" என்றார். "இல்லைங்க, விண்வெளிக் கப்பல் ஓட்டப் போயிடுறேன்" என்றேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வீட்டம்மாவிடம் தனியாகப் பேசிவிடுவாரோ என்ற பயத்தில் உட்கார வைத்து விளக்கினேன். அவருக்குச் சொன்னதையும், அவருக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் பேரன் எங்களோடு வந்து மாட்டிக்கொண்டான். அப்போது அவன் எனக்குப் பழக்கிவிட்ட விளையாட்டு இது. பெயர் டிராவலர். அமெரிக்காவில் 1977-இல் வெளிவந்தது. உருவாக்கியவர் மார்க் மில்லர். திரையில் சுட்டுத்தள்ளும் விளையாட்டு அல்ல. பேச்சு, ஒரு தாள், இரண்டு பகடை, அவ்வளவுதான். நாலைந்து பேர் எதிர்காலத்து விண்வெளியில் வாழும் ஆட்களாகத் தங்களை வைத்துக்கொள்வார்கள். ஒருவர் நடுவர். உலகத்தைச் சொல்வது நடுவர் வேலை. அந்த உலகத்தில் என்ன செய்வது என்று சொல்வது ஆடுகிறவர்கள் வேலை. முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வந்தால் இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 8-க்குக் குறையாமல் வந்தால் வெற்றி.

கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? மொத்தம் 36 வாய்ப்பு. அதில் 8-ம் அதற்கு மேலும் வருவது 15. நூற்றுக்குச் சுமார் 42. அந்த வேலையில் கொஞ்சம் பழக்கம் இருந்து ஒன்று கூட்டிக்கொண்டால் 21 வாய்ப்பு, நூற்றுக்கு 58. ஒரே ஒரு எண் மனிதனைத் தோற்கிற பக்கத்திலிருந்து ஜெயிக்கிற பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நிகழ்தகவு பாடத்தை இத்தனை எளிதாக நான் வகுப்பில் நடத்தியதில்லை.

இன்னும் இரண்டு விதி சொல்ல வேண்டும். ஒன்று, கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கப்பலை விட வேகமாகத் தகவல் போக வழியே கிடையாது. போன் இல்லை, ரேடியோ பயன்படாது. ஒரு சேதி போக வேண்டுமென்றால் கப்பல்தான் சுமந்து போக வேண்டும், நம் காலத்துத் தபால் மாதிரி. இரண்டு, கப்பல் கடனில் வாங்கியது. விலையில் 240-இல் ஒரு பங்கு மாதத் தவணை, 480 மாதம் கட்ட வேண்டும். அதாவது 40 வருடம். வீட்டுக்கடன் கட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பேரன் இப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறான். படிப்பு கூடியதும் "தாத்தா, இனிமே நீங்கதான் நடுவர். முப்பத்தி நாலு வருஷம் கிளாஸ் நடத்தினவருக்கு இது என்ன பெரிய வேலை?" என்று என் தலையில் கட்டிவிட்டான். ஆடுகிறவர்கள் நாலு பேர். பேரன், அவனுடைய அறைத்தோழன், சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தம்பி மகள், கத்தாரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன். டிஸ்கார்டில் குரல் வழியாகக் கூடுவோம். அவனுக்கு வெள்ளிதான் விடுமுறை என்பதால் வெள்ளி இரவு 9 மணி. அங்கே அப்போது மாலை ஆறரை.

அந்த மாணவனை நான்காம் வகுப்பிலிருந்து தெரியும். என் நினைவில் அவன் கணக்கு வராத பையன். அதற்கு மேல் அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

நடுவர் பொறுப்பு வந்ததும் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் ஊகித்திருப்பார்கள். பாடக்குறிப்பு எழுதினேன். நூறு பக்க நோட்டில் கடற்கொள்ளையர் கதை ஒன்று. முதல் வாரம் இது, இரண்டாம் வாரம் இது, ஐந்தாம் வாரம் துரோகம், எட்டாம் வாரம் புதையல். ஆசிரியர் பயிற்சியில் அப்படித்தானே பழக்கினார்கள்? ஒரு பக்கம் ஆசிரியர் கேட்கும் கேள்வி, எதிர்ப்பக்கம் மாணவரிடம் எதிர்பார்க்கும் விடை.

முதல் வாரமே சறுக்கியது. எரிபொருள் விலை ஏன் ஏறியிருக்கிறது என்று தம்பி மகள் கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். "பக்கத்தில் உப்பாறு என்று ஒரு சின்ன உலகம். அங்கே பெரும்புயல். துறைமுகம் விழுந்துவிட்டது. ஒரு மாதமாக அங்கிருந்து கப்பல் எதுவும் வரவில்லை." என் கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கத்தார் மாணவன் மெதுவாகக் கேட்டான். "அப்ப அங்க உள்ளவங்க இருக்காங்களா இல்லையான்னு வெளியில உள்ளவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"ஏதாவது கப்பல் போனாத்தான் தெரியும்."

"நாம போகலாமே சார்."

எட்டு வாரக் கதை கையில் இருக்கிறது, விடுவேனா? அந்தப் பக்கம் எரிபொருள் கிடைக்காது என்றேன். அடுத்த வாரமும் கேட்டான். அதிகாரிகள் அனுமதி தரவில்லை என்றேன். மூன்றாம் வாரம் கப்பலில் பழுது என்றேன். நான்காம் வாரம் அவன் கேட்கவில்லை. கொள்ளையர்கள் குறித்த நேரத்துக்கு வந்தார்கள். எல்லோரும் "சரி சார்", "ஓகே தாத்தா" என்றார்கள். ஐந்தாம் வாரம் ஒருவருக்குப் பரீட்சை, ஒருவருக்குத் தலைவலி. ஆறாம் வாரம் யாரும் வரவில்லை.

பேரன் போன் செய்தான். "தாத்தா, கோச்சுக்காதீங்க. நீங்க என்ன பண்றீங்கன்னு எங்களைக் கேக்குறீங்க. ஆனா பதில ஏற்கெனவே எழுதி வச்சுட்டுத்தான் கேக்குறீங்க."

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. 2007-இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது பாயில் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். அட்டைகளைக் கொடுத்தேன். ஆனாலும் பிள்ளை ஒன்று அட்டையில் இல்லாத கேள்வியைக் கேட்டால், "அதை அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் என் வாயில் வரும். முப்பத்து நாலு வருடத்தில் எத்தனை அப்புறம்! ஒன்றையாவது திரும்ப எடுத்துப் பார்த்தேனா?

நெட்டில் விளையாடும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டைப் பற்றிப் பேரன் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று 2003-இல் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஆடுவார்கள். 2014 ஜனவரியில் அங்கே ஏறத்தாழ 21 மணி நேரம் ஒரு பெரும்போர் நடந்தது. மிகப்பெரிய கப்பல்கள் மட்டும் 75 அழிந்தன. காரணம் என்ன? ஒரு கூட்டணி தன் பகுதிக்குக் கட்ட வேண்டிய தொகை கட்டப்படாமல் போனது, எதிரிகள் உள்ளே புகுந்தார்கள். அந்தப் போரை நிறுவனத்தில் யாரும் உட்கார்ந்து கதையாக எழுதவில்லை. உலகத்தையும் விதிகளையும்தான் கொடுத்தார்கள். மற்றதை ஆடுகிறவர்கள் செய்தார்கள்.

அடுத்த வெள்ளி நாலு பேரையும் கெஞ்சி வரவழைத்தேன். நோட்டை மூடி வைத்துவிட்டேன் என்று சொன்னேன். "அடுத்து நீங்க என்ன செய்ய ஆசைப்படுறீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன் குரல். "உப்பாறு, சார்."

"ஏன்ப்பா அங்கேயே நிக்கிற?"

சொன்னான். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது அவன் தோகாவில் இருந்தான். அம்மா மட்டும் வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில், கூரை வீட்டில். முதல் நாள் இரவு பேசியதோடு சரி. அதன் பிறகு லைன் இல்லை. ஆறு நாள். வேலைக்குப் போனான், சாப்பிட்டான், ஒன்றும் நினைவில் இல்லை என்றான். ஆறாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "உங்க அம்மா நல்லா இருக்காங்க. கூரைதான் போச்சு. நம்பரைச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. லைன் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் பண்றேன்." அவ்வளவு பேசிவிட்டு அவர் வைத்துவிட்டார். "அவர் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது சார்."

அந்தப் புயலில் நானும் அதே பகுதியில்தான் இருந்தேன். எங்கள் கொல்லையில் நின்ற பதினோரு தென்னையும் விழுந்தன. அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இவனிடம் "உன் வீடு என்னாச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உப்பாற்றுக்குப் போனோம்.

தம்பி மகள்தான் யோசனை சொன்னாள். புறப்படும் முன் துறைமுகத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள், அந்த ஊருக்குக் கடிதம் உள்ளவர்கள் கொடுக்கலாம் என்று. எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார்கள். பகடை உருட்டினேன், ஒன்பது. ஒன்பது கடிதத்தையும் யார் யாருக்கு எழுதியது என்று நின்ற இடத்தில் நான் உண்டாக்க வேண்டியதாயிற்று. சரக்கு ஏற்றாமல் போவதால் அந்த மாதத் தவணை தவறும் என்று எச்சரித்தேன். தெரிந்தே கிளம்பினார்கள்.

எட்டுக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. ஒன்பதாவது ஒரு வயதான அம்மாளுக்கு. அவர் குடியிருந்த தெருவே இல்லை. தேடிக் கண்டுபிடிக்க 8 வேண்டும். மாணவன் உருட்டினான். 5. நாங்கள் பகடையை எல்லோர் கண்ணிலும் படும்படிதான் உருட்டுவோம். மாற்றிச் சொல்ல வழியில்லை. இருந்திருந்தால் மாற்றியிருப்பேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் சொன்னான், "பரவாயில்ல சார். தேடிக்கிட்டே இருப்போம்."

அந்தத் தேடல்தான் அடுத்த இரண்டு மாதக் கதை. முகாம் முகாமாகப் போனார்கள். பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் கடிதம் கொடுக்க, ஒரு தபால் தடமே உருவாகிவிட்டது. இன்னொரு பக்கம் தவணை தவறியதால் வங்கியின் ஆள் துரத்த ஆரம்பித்தார். நான் எட்டு வாரத்துக்குத் திட்டமிட்ட வில்லனை யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த வங்கிக்காரரைக் கண்டால் நாலு பேருக்கும் உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் அவரை வரவழைத்தது அவர்கள்.

இப்போது நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்பவர்களுக்கு: வாரத்துக்கு ஒரே பக்கம். இந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், நம்மவர்கள் ஒன்றும் செய்யாவிட்டால் என்ன நடக்கும். இந்த மூன்றுதான். என்ன நடக்க வேண்டும் என்று எழுதுவதில்லை. ஆட்டம் முடியும்போது அடுத்த வாரம் எங்கே என்று கேட்டுவிடுவேன், அதற்கு மட்டும் தயார் செய்வேன். அவர்கள் கொடுத்த வாக்கு, பட்ட கடன், பண்ணிய பகை எல்லாவற்றுக்கும் ஒரு பேரேடு உண்டு. செய்ததற்குப் பலன் வர வேண்டும், இல்லாவிட்டால் தேர்ந்தெடுத்ததற்கு அர்த்தமில்லை. பேசாமல் இருக்கும் அறைத்தோழனிடம் மட்டும் ஒருமுறையாவது பேர் சொல்லிக் கேட்பேன். பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். கஷ்டமானது அதுதான்.

போன வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் கிடைத்தார். மாணவன் உருட்டினான், 9. மலைமேல் ஒரு முகாமில் அடுப்படி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "கடிதத்தை வாங்கிக்கிட்டு உன்னைப் பார்க்கிறாங்க. தம்பி நீ யாருப்பான்னு கேக்குறாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் நெடுநேரம் அமைதி. நான் காத்திருந்தேன்.

"பேர் சொல்லல சார். குடுத்துட்டு வந்துடுறேன்" என்றான்.

அன்றைக்கு அதோடு முடித்துக்கொண்டோம். விளக்கை அணைத்த பிறகு வீட்டம்மா, "என்ன, இன்னிக்கு சத்தமே இல்ல?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் காலை அவனுக்கு நானே போன் செய்தேன், விளையாட்டுக்காக அல்ல. அம்மா எப்படி இருக்கிறார்கள், வீடு கட்டியாயிற்றா என்று கேட்டேன். கேட்க வேண்டிய வருடம் 2018. கேட்டது இப்போதுதான்.

என்னிடம் படித்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். "அதை அப்புறம் பார்க்கலாம்" என்று நான் உட்கார வைத்த கேள்வி ஏதாவது இன்னும் நினைவிருந்தால் சொல்லுங்கள். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை இரவு 9 மணி தவிர.